இளஞ்சிவப்புத் தலை வாத்தும் மியூசியப் பறவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர் முகத்துவாரம், காட்டுப்பள்ளி, பழவேற்காடு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகும் எங்கள் கூட்டத்தில் திருவொற்றியூர், எர்ணாவூர், தண்டையார்பேட்டைப் பிள்ளைகள்தான் அதிகம். வலசை வாத்துகள் வந்திறங்கும் மாதங்களில் யாராவது ஒருவர் போனை நீட்டி, “அண்ணே, இது அந்த ரோஸ் தலை வாத்துதானே?” என்று கேட்பார்கள். இல்லை என்றதும் பேச்சு நிற்காது. அப்போ அது எங்கே போச்சு, மியூசியத்தில் இருக்கிறது நிஜப் பறவையா பொம்மையா, யார் கொன்றார்கள் என்று நீளும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

அது என்ன பறவை? எப்படி இருக்கும்?

வட இந்தியாவில் வாழ்ந்த ஒரு வாத்து. ஆணுக்கு உடம்பு கரும்பழுப்பு. தலையும் பின்கழுத்தும் பளிச்சென்ற ரோஜா நிறம். பெட்டைக்கு அந்த நிறம் வெளிறிப்போய் இருக்கும். 1790-இல் ஜான் லேதம் என்ற ஆங்கிலேயர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். ஆள் உயரப் புல்லுக்கு நடுவே ஒளிந்து கிடக்கும் குட்டைகள்தான் இதன் இடம். பெரிய கூட்டமாக வானத்தை அடைத்துக்கொண்டு பறக்கிற ரகம் இல்லை. சின்னச் சின்னக் கும்பலாக ஒதுங்கியே இருக்கும். முட்டைதான் வேடிக்கை: வாத்து முட்டை மாதிரி நீளமாக இல்லாமல், பிங்பாங் பந்து ஞாபகம் வருகிற அளவுக்கு உருண்டை.

நம்ம எண்ணூர், பழவேற்காடு பக்கம் இருந்ததா?

அதன் சொந்த ஊர் பீகார், வங்காளம், அசாம், பர்மா பக்கத்துப் புல்வெளிச் சதுப்புகள். தெற்கே கிடைத்ததாகச் சொல்லும் பதிவுகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். நம் உப்பங்கழி வேறு மாதிரி நிலம். ஏற்ற இறக்கம் உண்டு, அலையாத்தி உண்டு, உப்பளம் உண்டு. ஊசிவால் வாத்தும் பூநாரையும் வந்து மேய்கிற இடம். நன்னீர்க் குட்டையை நம்பிய ஒரு வெட்கப்பிராணிக்கு இங்கே பெரிதாக வேலை இருந்திருக்காது.

கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

எல்லாரும் ஏற்றுக்கொள்ளும் பதிவு 1935-இல், பீகாரின் தர்பங்கா பக்கம், சி. எம். இங்கிலிஸ் என்பவருடையது. 1949 என்றும் சிலர் எழுதுவார்கள். ஆனால் அந்தப் பேச்சுகளுக்கெல்லாம் உடலும் இல்லை, படமும் இல்லை.

கூண்டிலும் வளர்த்தார்கள். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஆல்ஃபிரட் எஸ்ரா என்பவரின் ஃபாக்ஸ்வாரன் பூங்காவிலும், பிரான்ஸில் ஜான் டெலாகூரின் பண்ணையிலும் சில இருந்தன. ஆனால் ஒரு முட்டைகூட இடவில்லை, ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை. இணையத்தில் சுற்றும் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஃபாக்ஸ்வாரனில் எடுத்தவை. உயிரோடு இருந்த இந்த வாத்துக்கு நம்மிடம் இருக்கும் படங்கள் அவ்வளவுதான்.

அப்போ அழிந்துபோச்சு என்று சொல்லிவிடலாமா?

காகிதத்தில் இன்னும் சொல்லவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது ‘மிக ஆபத்தான நிலையில்’ என்றுதான் இருக்கிறது. வட மியான்மரின் காச்சின் சதுப்புகளில் 2003 முதல் பல குழுக்கள் தேடின. 2017-இல் இந்தோஜி ஏரிப் பக்கமும் போனார்கள். பறவை சிக்கவில்லை. என்னைக் கேட்டால் நம்பிக்கை வைக்கலாம், பந்தயம் கட்டக் கூடாது.

உலகத்தில் மொத்தம் எத்தனை உடல்கள் மிச்சம் இருக்கின்றன?

பாடம் செய்யப்பட்டவை சுமார் எண்பது. கொல்கத்தாவில் சில, இங்கிலாந்தின் டிரிங் ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சில, மற்றவை ஐரோப்பா, அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கின்றன.

பாடம் செய்வது என்றால் என்ன? உள்ளே எலும்பு, சதை எல்லாம் இருக்குமா?

இருக்காது. வயிற்றில் ஒரு கீறல் போட்டு, உரித்த சட்டை மாதிரி தோலை இறகோடு கழற்றுவார்கள். சதை, குடல், மூளை, கண் எல்லாம் வெளியே போய்விடும். மண்டையோடும் அலகும், இறக்கை எலும்பில் கொஞ்சமும், கால்களும் மட்டும் தோலோடு நிற்கும். உட்பக்கத்தில் மருந்து தடவி, பஞ்சை அடைத்து, கீறலைத் தைப்பார்கள். கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, இறக்கையை உடம்போடு ஒட்டி, கால்களைக் குறுக்காகச் சேர்த்து நூலால் கட்டி, அந்த நூலிலேயே ஒரு சீட்டு.

கண்ணாடிப் பெட்டிக்குள் மரக்கிளையில் கண்ணாடிக் கண்ணோடு நிற்கிறதே, அது பொதுமக்கள் பார்ப்பதற்காகச் செய்தது. ஆராய்ச்சிக்கு வைப்பது டிராயரில் வரிசையாகப் படுத்துக் கிடக்கும். வெளிச்சம் படாமல் வைப்பதே நிறம் வெளுக்காமல் இருக்கத்தான்.

இன்னொன்று: அந்தக் காலத்தில் தடவிய மருந்து பெரும்பாலும் ஆர்சனிக் கலந்த சோப்பு. பூச்சி அரிக்காது, ஆனால் நமக்கும் விஷம். தாத்தா காலத்துப் பாடம் செய்த பறவை ஏதாவது வீட்டுப் பரணில் கிடந்தால் வெறும் கையால் தூசி தட்டாதீர்கள்.

காலில் கட்டின சீட்டு எதற்கு? பறவைதானே முக்கியம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். சீட்டு போனால் பறவையில் பாதி போய்விட்டது. எந்த ஊர், எந்தத் தேதி, ஆணா பெண்ணா, யார் பிடித்தது: இந்த நாலும் இல்லாத உடல் அழகான இறகு மூட்டை, அவ்வளவே.

இதே வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் குளிர்காலத்தில் கல்கத்தா சந்தைக்கு வேட்டை வாத்துகள் வண்டி வண்டியாக வந்து விற்றன. அந்தக் கும்பலில் எப்போதாவது ஒரு ரோஸ் தலை கிடைக்கும். வாங்கிப் பாடம் செய்து, சீட்டில் ‘கல்கத்தா’ என்று எழுதிவிட்டால் என்ன அர்த்தம்? வாத்து கல்கத்தாவில் வாழ்ந்தது என்றா, கல்கத்தாவில் விலை போனது என்றா? பழவேற்காட்டு இறால் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் கிடைப்பதால் கூவத்தில் இறால் பிடித்தார்கள் என்று எழுதிவிட முடியுமா? பழைய பதிவைப் படிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: சுட்ட இடமா, விற்ற இடமா, அனுப்பி வைத்த துறைமுகமா.

2009 ஜூனில் டிரிங்கில் நடந்த திருட்டு இதற்கு இன்னொரு பாடம். லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் ராத்திரியில் ஜன்னல் வழியே புகுந்து 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனார். சால்மன் மீன் தூண்டிலுக்குக் கட்டும் பொய்ப்பூச்சிக்கு அபூர்வ இறகு வேண்டும் என்று ஒரு கூட்டம் காசைக் கொட்டுகிறது, அவர்களுக்கு விற்கத்தான். ஆளைப் பிடித்தபோது முழுசாகக் கிடைத்தவை 174. அதில் சீட்டோடு இருந்தவை 102 மட்டும். மீதி எழுபத்திரண்டும் கைக்கு வந்தும் வராத கணக்குதான்.

சீட்டிலேயே பொய் எழுதியிருந்தால்?

எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டுப் பறவையை வைத்தே நடந்த மோசடி இது.

காட்டு ஆந்தைக் குருவி என்று மத்திய இந்தியாவில் ஒரு சின்ன ஆந்தை. 1873-இல் ஹியூம் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் விவரித்தது. 1880-களுக்குப் பிறகு யாரும் பிடிக்கவில்லை. ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மட்டும் 1914-இல் குஜராத்தின் மாண்ட்வியில் பிடித்ததாக ஒரு தோலைக் காட்டினார். பெரிய மனிதர், பெரிய சேகரிப்பு, எல்லாரும் நம்பினார்கள்.

1990-களில் பமீலா ராஸ்முசன் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் அந்தத் தோலை எக்ஸ்ரே எடுத்து நோண்டினார். வெளியே புதுசாகத் திருத்தியிருந்தாலும், உள்ளே இருந்த வேலை ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் 1880-களில் பாடம் செய்யும் பாணி. அதாவது மைனர்ட்ஸ்ஹேகன் மியூசியத்திலிருந்து ஒரு தோலைத் திருடி, சீட்டை மாற்றி, தான் பிடித்ததாக எழுதிவிட்டார். இந்த ஒன்றோடு நிற்கவில்லை. அவர் சேகரிப்பு முழுக்கவே இப்போது சந்தேகக் கணக்கில் இருக்கிறது.

சரி, இதனால் ஆந்தைக்கு என்ன? பொய்யான மாண்ட்வியைக் கழித்துவிட்டு நிஜமான பழைய சீட்டுகளில் இருந்த ஊர்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ராஸ்முசனும் தோழர்களும் 1997 நவம்பரில் கிளம்பினார்கள். மகாராஷ்டிரத்தின் ஷஹாதா பக்கத்தில் பட்டப்பகலில் இலையில்லாத மரத்தில் அந்த ஆந்தை உட்கார்ந்திருந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகக் காணோம் என்று இருந்த பறவை.

இப்படித் தொலைந்து கிடைத்த பறவை நமக்குப் பக்கத்தில் ஏதாவது உண்டா?

உண்டு. மும்பை மெயில் போகிற தடத்தில் ரேணிகுண்டா தாண்டினால் கடப்பா. அங்கே முட்புதர்க் காட்டில் ராத்திரியில் மட்டும் நடமாடும் ஜெர்டான் கல்குருவி. ஊர்க்காரர்கள் அதைக் கலிவிக்கோடி என்பார்கள். சென்னை ராஜதானி ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டான் கண்டுபிடித்து, 1848-இல் எட்வர்ட் பிளைத் என்ற விலங்கியலாளர் பெயர் வைத்தார். 1900-க்குப் பிறகு சத்தமே இல்லை. அழிந்த கணக்கில் எழுதிவிட்டார்கள். 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் லங்கமலைப் பக்கம் தேடிக்கொண்டிருந்தபோது, ஐத்தண்ணா என்ற உள்ளூர்க்காரர் ஒரு பறவையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அது பிழைக்கவில்லை. அந்த உடல் கழகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. சங்கடமான சமாச்சாரம்தான். ஆனால் அந்தப் பறவை கைக்கு வந்த பிறகுதான் அங்கே சரணாலயமே வந்தது.

அதற்கப்புறம் நம் தமிழ்ப் பறவையியலாளர் ப. ஜெகநாதன் அங்கே வருஷக்கணக்கில் வேலை செய்தார். புதருக்கு நடுவே மண்ணைச் சன்னமாகப் பரப்பி வைத்து, காலையில் போய்க் கால்தடம் பார்ப்பது. தானாகப் படம் எடுக்கும் கேமரா வைப்பது. குரலைப் பதிவு செய்வது. ஒரு பறவையையும் தொடாமல் அது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் வழி. பிறகு மறுபடி பல வருஷம் அமைதி. 2025 ஆகஸ்டில் ஆந்திரத்தில் அதன் குரல் திரும்பப் பதிவானது.

இதன் முட்டை கதையும் சொல்ல வேண்டும். இந்தப் பறவையின் முட்டை எப்படி இருக்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாமலே இருந்தது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரு முட்டையை எடுத்து, மரபணுவைப் பிரித்து, டிரிங்கில் உள்ள பழைய தோல்களின் கால்விரல் துணுக்கோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போனது, 2013-இல் செய்தி வெளியானது. 1917-இல் கோலார் தங்கவயலில் வேலை பார்த்த எர்னஸ்ட் மீட்டன் என்ற கால்நடை மருத்துவர் எடுத்தது அது. வட ஆர்க்காட்டிலிருந்து நம்மாட்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ச் சுரங்கத்தில் இறங்கிய அதே கோலார்.

கொன்றுதானே சேர்த்தார்கள்? அழித்ததே அவர்கள்தான் இல்லையா?

கொன்றுதான் சேர்த்தார்கள். அபூர்வம் என்று தெரிந்த பிறகும் அபூர்வம் என்பதற்காகவே சுட்டார்கள். இதற்கு வக்காலத்து வாங்க எனக்கு மனசில்லை.

ஆனால் எண்பது தோல் ஓர் இனத்தை முடித்துவிடாது. கங்கைச் சமவெளியில் புல்காட்டைக் கொளுத்தி வயலாக்கியது, குட்டைகளை வடித்தது, சந்தைக்கு வருஷா வருஷம் வலை போட்டது, இதெல்லாம் சேர்ந்துதான் வாத்தின் கதையை முடித்தது. கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மேடானதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாரும் துப்பாக்கி தூக்காமலே மீனும் போகும், அதைத் தின்ன வந்த பறவையும் போகும்.

செத்த பறவையை வைத்துக்கொண்டு இன்னும் என்ன கண்டுபிடிக்கிறார்கள்?

ரோஸ் நிறத்தையே எடுத்துக்கொள்ளலாம். வாத்துகளில் அந்த நிறம் மிக அபூர்வம். 2016-இல் வெளியான ஆய்வில் லேசர் ஒளியை இறகின்மேல் செலுத்தி, ஒரு இழைகூடப் பிய்க்காமல், அது கரோட்டினாய்டு நிறமி என்று உறுதி செய்தார்கள். பூநாரையின் சிவப்புக்குப் பின்னால் இருக்கும் அதே வகை. கால்விரல் சதையிலிருந்து எடுத்த மரபணுவோ இந்த வாத்து முக்குளிக்கும் தாராக்களின் கிளையைச் சேர்ந்தது என்று காட்டியது.

முட்டை ஓடு பேசியதும் உண்டு. பிரிட்டனில் டெரக் ராட்கிளிஃப் 1967-இல், சேகரிப்புகளில் இருந்த பொரி வல்லூறு முட்டைகளின் எடையையும் அளவையும் ஒப்பிட்டு, 1940-களின் கடைசியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டது என்று காட்டினார். காரணம் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி. பொழுதுபோக்குக்காக முட்டை திருடியவர்கள் சேர்த்த பெட்டிகள்தான் சாட்சி சொன்னது.

எனக்குப் பிடித்தது சிகாகோவில் நடந்த ஒன்று. அமெரிக்கத் தொழில் நகரங்களைச் சுற்றி 135 ஆண்டுகளில் பிடித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளை வயிற்றுப் பறவைகளை ஒரே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்துப் பறவைகள் கரி பூசிக் கிடந்தன, பிற்காலத்தவை வெள்ளை. பறவை வருஷா வருஷம் இறகு மாற்றுவதால் அந்த அழுக்கு அந்த வருஷத்துக் காற்றின் அழுக்கு. எந்த வருஷம் எவ்வளவு புகை என்று இறகே கணக்கு கொடுத்துவிட்டது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரம், தண்டையார்பேட்டை மொட்டை மாடிகளில் வெள்ளைத் துணி காயப்போட்டவர்களுக்கு இந்த ஆய்வு உடனே புரியும். அந்தக் காலத்து நம் தெருச் சிட்டுக்குருவிகளைத் தேதி போட்டு யாராவது எடுத்து வைத்திருந்தால், காற்று எப்படி இருந்தது என்று இன்றைக்கு வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நான் பார்த்தேன், போட்டோவும் இருக்கு. இது எது?

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அனுப்புவது செங்கொண்டைத் தாராவின் படம். ஆணுக்குத் தலை செங்காவி, உப்பலாக இருக்கும். அலகு ரத்தச் சிவப்பு; நெஞ்சு கறுப்பு; விலாவில் வெள்ளை. பறக்கும்போது இறக்கையில் அகலமாக வெள்ளைப் பட்டை தெரியும். ரோஸ் தலை வாத்துக்கு விலாவில் வெள்ளையே கிடையாது, உடம்பு முழுக்க இருட்டு. சாயங்கால வெயிலில் எந்த வாத்தின் தலையும் கொஞ்சம் ரோஸாகத்தான் தெரியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் பளபளவென்று நீந்தும் வண்ண வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால், அது கம்ப்யூட்டர் வரைந்தது. உயிரோடு இருந்த இந்தப் பறவைக்கு வண்ணப் புகைப்படமே கிடையாது.

செத்துக் கிடக்கும் பறவையை எடுத்து நாமே பாடம் செய்யலாமா?

கூடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் காட்டுப் பறவையின் உடலையோ இறகையோ வைத்திருப்பது குற்றமாகலாம். பறவைக் காய்ச்சல் பயமும் உண்டு. தொடாமல் படம் எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அப்போ நாம் என்னதான் பதிவு செய்வது?

மியூசியச் சீட்டில் இருக்கும் அதே விவரங்களைத்தான்: பறவை, எண்ணிக்கை, இடம், தேதி, பார்த்தவர். இடத்தைச் சும்மா ‘எண்ணூர்’ என்று எழுதாதீர்கள். எண்ணூரில் கடற்கரையும் இருக்கிறது, சாம்பல் குளமும் இருக்கிறது. ‘காட்டுக்குப்பம் படகுத்துறைக்கு எதிர்க்கரை’ என்று எழுதினால் நாளைக்கு வேறொருவர் அதே இடத்தில் போய் நிற்கலாம். இபேர்டு செயலியில் போடுங்கள், நோட்டிலும் எழுதுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியபோது, எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்கள் ஊரெல்லாம் சுற்றின. முதல் வாரம் முடிவதற்குள் எந்தப் படம் எங்கே, எந்த நாள் எடுத்தது என்று அனுப்பியவர்களுக்கே தெரியவில்லை. தேதியும் இடமும் சேர்த்து வைத்தவர்களின் படங்கள்தான் ஆதாரமாக நின்றிருக்கும்.

பறவை இல்லாத நாளையும் எழுதுங்கள். ‘இரண்டு மணி நேரம் நின்றேன், ஒரு தாராகூட இல்லை’ என்பதும் பதிவுதான். பழைய வேட்டைக்காரர்கள் கிடைத்ததை மட்டுமே எழுதினார்கள். அதனால்தான் அந்த வாத்து எந்த வருஷத்திலிருந்து குறைய ஆரம்பித்தது என்று இன்றுவரை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

பாடம் செய்த பறவைகளை நம்ம ஊரில் எங்கே பார்க்கலாம்?

எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் தொடங்கியது. நம் ஊர் மிருகக்காட்சிசாலையே அங்கே பிறந்துதான் பிறகு சென்ட்ரல் பக்கம் மக்கள் பூங்காவுக்கும், அப்புறம் வண்டலூருக்கும் போனது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். பறவைக் கூடத்துக்கு நேரம் ஒதுக்கிப் போங்கள். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.